நிர்மலாவுக்குத் தண்ணீர் பயம்

எனக்குத் தண்ணீர் என்றால் பயமாம். என் கணவர் மாதவராஜ் சொல்லித்தான் எனக்கே தெரியும். சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார், அவர் மேனேஜராக இருக்கும் டிராக்டர் ஷோரூமில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன்கூட, "அம்மா தண்ணிகிட்டயே வரமாட்டாங்க" என்று நண்பர்களிடம் பாசமாகச் சொல்லுவான். பெற்ற பிள்ளை சொன்ன பிறகு நான் யாரிடம் போய் இல்லை என்று சொல்வது?

அப்படி ஒரு பயம் எனக்குக் கிடையாது. நான் பிறந்தது பென்னாகரம் பக்கம். எங்கள் அப்பாவின் தோட்டத்தில் பெரிய கிணறு. மோட்டார் ரூம் மேல் ஏறி நின்று குதிப்பேன். என் அண்ணன் படி வழியாக மெதுவாக இறங்கி, காலை நனைத்துப் பார்த்து, யோசித்துவிட்டு மேலே ஏறிவிடுவான். அவனை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை. அந்தப் பட்டம் எனக்கு வந்து சேர்ந்தது.

வந்த கதை இதுதான். பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஆடியில் போனால் வெள்ளம், பரிசலை நிறுத்திவிடுவார்கள். சித்திரையில் போனால் பாறையில் கால் வைக்க முடியாது. தை மாதத்தில்தான் காவிரி கலங்கல் தெளிந்து, பச்சை நிறமாக, நிதானமாக வரும். வெயிலில் உட்கார்ந்தால் சுடாது, நிழலுக்குப் போனால் குளிரும், மறுபடி வெயிலுக்கு வரலாம். எங்கள் மாவட்டத்தில் மனிதர்கள் நாள் முழுக்க வெளியே இருக்கக்கூடிய காலம் இதுதான். இதை நான் ரசித்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒகேனக்கல்லில் ஒரு கேஸ் அடுப்பும், ஆறு பைகளும், சுற்றிலும் குரங்குகளும்தான் உண்டு.

கல்யாணமான முதல் வருஷம் போனபோது நான் மூன்று மாதம். "மாசமா இருக்கறவ பரிசல்ல ஏறக்கூடாது. கரையில குந்திக்கினு மூட்டையப் பாத்துக்கோ" என்றார் மாமியார். சரியான பேச்சுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை பத்து மாதத்தில் பிறந்துவிட்டான், மூட்டை பார்ப்பது மட்டும் முடியவே இல்லை. அடுத்த வருஷம் கைக்குழந்தை. அதற்கடுத்த வருஷம் யாரோ, "உங்க வூட்டம்மா ஏறலயா?" என்று கேட்டபோது, இவர் கூசாமல், "அவளுக்குத் தண்ணின்னா பயங்க" என்றார். பரிசலில் நான்கு பேர்தான் உட்காரலாம். ஐந்தாவது ஆளாக யார் நிற்பது என்ற சிக்கல் அன்றோடு தீர்ந்தது. அதன்பிறகு இருபது தைக்கு மேல் போய்விட்டது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மகனும் பெங்களூருக்குப் போய்விட்டான். காலியான இடங்களில் வருஷா வருஷம் விருந்தாளிகளை உட்கார வைப்பார்களே தவிர, என்னை ஒரு பேச்சுக்கும் கூப்பிட்டதில்லை.

இந்த வருஷ விருந்தாளி கலைவாணன். ஷோரூமில் புதிதாகச் சேர்ந்த பையன். மனைவி சசிகலாவை அழைத்து வந்திருந்தார். என் கணவரோடு பிறந்த தங்கை அமுதவல்லி, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். வாடகைக் கார் அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது பனி விலகவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. இவர் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். நான் அடுப்பு, ஐந்து கிலோ சிலிண்டர், அரைத்த மசாலா டப்பா, தேங்காய், புளி, அரிசி எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிவிட்டுக் கடைசி சீட்டில் ஏறினேன்.

ஒகேனக்கல் போனவர்களுக்குத் தெரியும், அங்கே இதெல்லாம் தேவையே இல்லை. மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துக் கொடுக்க ஆற்றோரம் வரிசையாகப் பெண்கள் விறகடுப்பு மூட்டிக் காத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் பரிசலுக்குப் போகிறார்கள். ஆனால் இவருக்கு வெளியாள் கை மசாலா ஒத்துக்கொள்ளாதாம். வாரத்தில் மூன்று நாள் ஹைவே ஓட்டலில் சால்னா ஊற்றி பரோட்டா சாப்பிடும் வயிறு அது.

பென்னாகரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளிர். டீக்கடைப் புகையும் பனியும் கலந்து சந்தை ரோடு பாதிதான் தெரிந்தது. ஒரு அம்மா அவரைக்காயைக் குவித்து வைத்துவிட்டு, தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று காரணம் கேட்டால் தெரியாது, டம்ளர் சூடு கையில் ஏறியதே போதுமாக இருந்தது.

அப்போதுதான் இவர் சசிகலாவிடம் ஆரம்பித்தார். "நீ எதப்பத்தியும் கவலப்படாதம்மா. மூட்ட முடிச்சு, சமையலு எல்லாம் நிர்மலா பாத்துக்குவா. அவளுக்குத் தண்ணின்னா பயம். நீங்கல்லாம் ஜாலியா பரிசல்ல போயிட்டு வரலாம்."

சசிகலா நல்ல பெண். அதுதான் வினை. சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லக்கா, பயப்படாதீங்க. கரையிலருந்தே நல்லாத் தெரியுமாம். நான் போன்ல வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன்" என்றாள்.

இத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறேன். பரிதாபப்பட்டது இவள் ஒருத்திதான். ஆற்றுக்கு அரைமணி தூரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இருபத்தைந்து வயசுப் பெண் வீடியோ காட்டப் போகிறாளாம். டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். காட்டு ரோட்டில் வளைவு வளைவாக இறங்கினோம். இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவில் வெயில் நீள நீளமாக விழுந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் பரிசலில் ஏறாமல் வீடு திரும்புவதில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

ஒகேனக்கல்லில் நல்ல கூட்டம். இவரும் கலைவாணனும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனார்கள். பாறைமேல் ஆண்களை வரிசையாகக் குப்புறப் போட்டுத் தட்டும் சத்தம் கரை முழுக்கக் கேட்டது. அமுதவல்லியும் சசிகலாவும் தொங்குபாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் மீனை வாங்கி வெட்டச் சொல்லி, மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, வழக்கமான மரத்தடியில் அடுப்பை வைத்தேன். பக்கத்து விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த ராமக்காள் என்னை வருஷா வருஷம் பார்க்கிறவர். "வந்துட்டியா தாயி? உங்கூட்டுக்காரரு இன்னும் எங்கைல சாப்புட மாட்டேங்கறாரா?" என்று சிரித்தார்.

எண்ணெய் வழிய வந்து, அருவியில் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே இவர் சொன்னார்: "நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம். கொழம்பு கொதிக்கறதுக்கும் நாங்க வர்றதுக்கும் சரியா இருக்கும். பையி பத்திரம், கொரங்கு சாஸ்தி."

நால்வரும் பரிசல் துறைக்கு நடந்தார்கள். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தேன். வெங்காயம் போடவேண்டிய நேரம். போட்டுவிட்டால் தக்காளி, அப்புறம் மசாலா, அப்புறம் புளி, அப்புறம் அவர்கள் வந்துவிடுவார்கள். வெங்காயத்தைப் போடவில்லை. அடுப்பை அணைத்தேன். மீன் பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடி, மேலே கல் வைத்தேன்.

"எங்க தாயி கெளம்பிட்ட?" என்றார் ராமக்காள்.

"பரிசலுக்குங்க."

"பையி?"

"அது அங்கியே இருக்கட்டும்."

துறையில் இவர்கள் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டுகளை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிசல்காரர் மாரப்பன் பரிசலைக் கரையோடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குவியலில் கிடந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பரிசலில் காலை வைத்து நடுவாக இறங்கி, ஓரம் பார்த்து உட்கார்ந்தேன். பரிசல் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"ஏய் நிர்மலா! என்னா பண்ற?" என்றார் இவர்.

"உக்காந்திருக்கறேன்."

"அடுப்பு?"

"அணைச்சுட்டேன்."

பின்னாலேயே சசிகலா சிரித்துக்கொண்டே ஏறினாள், அவளுக்கு எதுவும் புரியவில்லை. கலைவாணன் ஏறினார். அமுதவல்லி என்னை முறைத்துக்கொண்டே ஏறினாள். இவர் ஒரு காலை உள்ளே வைத்ததும் மாரப்பன் துடுப்பைக் குறுக்கே நீட்டினார். "நாலு பேருதாங்க. அஞ்சு பேர ஏத்துனா என்னய நிறுத்திப்புடுவாங்க. யாராச்சும் ஒருத்தரு எறங்குங்க."

யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் என்மேல்தான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணி, எறங்குங்க. மீனு கெட்டுப் போயிரும்" என்றாள் அமுதவல்லி.

"தை மாசக் குளுருல மீனு கெடாது."

கலைவாணன் பாவம், எழுந்திருக்கப் பார்த்தார். "சார், நான் வேணா..."

"நீ உக்காருப்பா" என்றார் இவர். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "நிர்மலா, நாலு பேரு பாக்கறாங்க. நடு ஆத்துல போயி பயந்துக்கினு கத்துனா நான் என்னா பண்றது? எறங்கு. அடுத்த வருசம் ரெண்டு பரிசலா எடுக்கலாம்."

அடுத்த வருஷம். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "நீங்க எங்கூட எத்தன வருசமா குடித்தனம் பண்றீங்க? நான் கத்தி நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றேன். "நான் எறங்க மாட்டேங்க. நீங்களும் எறங்கலன்னா இப்படியே உக்காந்திருக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். எதிர்க்கரைப் பரிசல்காரன் கன்னடத்தில் மாரப்பனை அதட்டினான். இவர் முகம் சிவந்தது. காலை எடுத்தார். நானும் பின்னாலேயே இறங்கி வந்துவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும், கரையில் நின்று கையை நீட்டினார். நீட்டிய கையைப் பிடிக்காமல் இருந்தது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மாரப்பனைப் பார்த்து, "போலாங்க" என்றேன்.

ஆறு எங்களை எடுத்துக்கொண்டது. கரையிலிருந்து பார்த்தபோது தெரியாத ஒன்று, தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் உட்காரலாம் என்பது. கையை விட்டால் மணிக்கட்டு வரை ஜில்லென்று ஏறியது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்ப எழும்ப, கூட்டத்தின் சத்தம் குறைந்து துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் பாறையின் மேல்பாதியில் இருந்தது, நாங்கள் குளிர்ந்த நிழலில் போனோம். ஒரு திருப்பம் திரும்பியதும் அருவி. மேலிருந்து பார்த்து நான் அறிந்த அருவி இல்லை இது. தலைக்கு மேலே வெள்ளையாகக் கொட்டிக்கொண்டு, பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றது. சாரல் முகத்தில் அடித்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

"அக்கா, உங்களுக்கு பயமா இல்லயா?" என்று சசிகலா என் காதில் கத்தினாள்.

"சுத்தச் சொல்லு அவர" என்று நான் கத்தினேன்.

மாரப்பன் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிட்டார். கலைவாணன் கண்ணை மூடிக்கொண்டார். அமுதவல்லி இரண்டு கையாலும் என் தொடையைக் கவ்விப் பிடித்து, "அய்யோ அண்ணி, நிறுத்தச் சொல்லுங்க அண்ணி" என்று அலறினாள். வருஷா வருஷம் போகிறவள். நான் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது அருவிச் சத்தம் அடங்கியது. அமுதவல்லி என்னை விட்டு நகரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உங்கமேல கோவமாத்தான் ஏறுனேன் அண்ணி. பொறந்த வூட்டோட வந்தாத்தான் எனக்குப் பரிசலு. எங்க மாமியா வூட்டோட வந்தா, அந்த மரத்தடிதான். போன மாசம் அவங்களோட வந்தப்பவும் அங்கதான் குந்திக்கினு இருந்தேன்."

"அவங்க உனக்கு என்னா பயம்னு சொல்றாங்க?"

"எனக்குத் தலசுத்தலாம்."

அவளும் நானும் இத்தனை வருஷம் ஒரே மரத்தடியில் வெவ்வேறு நாட்களில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கரை வரும் வரை அப்படியே வந்தோம்.

மரத்தடிக்கு வந்தபோது எங்கள் அடுப்பு நான் அணைத்தபடியே இருந்தது. ஒரு பை கிழிந்து தேங்காய் காணாமல் போயிருந்தது. இவர் ராமக்காளின் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கையில் குரங்கு விரட்டக் குச்சியும் இன்னொரு கையில் கரண்டியுமாகக் கல்லில் உட்கார்ந்திருந்தார். விறகுப் புகையில் கண் சிவந்திருந்தது. மீன் அத்தனையும் ராமக்காளின் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்புப் பாக்கறேன் உப்புப் பாக்கறேன்னு சாரு பாதிக் கொழம்ப குடிச்சுட்டாருங்க" என்றார் ராமக்காள்.

ராமக்காள் வடித்து வைத்திருந்த சோற்றைப் பரிமாறி, வட்டமாக வெயிலில் உட்கார்ந்தோம். நனைந்த உடம்புக்குத் தை வெயில் இதமாக இருந்தது. குழம்பு காரமாக, நன்றாக இருந்தது. என் குழம்பைவிட நன்றாக இருந்தது, எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. கிளம்பும்வரை இப்படியே சிரித்துப் பேசி முடித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு வாய் உள்ளே போனதும் கலைவாணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வீம்புக்கு ஏறிட்டாப்பா. உள்ளுக்குள்ள ஒதறல்தான், வெளிய காட்டிக்கல. இன்னிக்கி ராத்திரி காய்ச்சல் வரும் பாரு. சின்ன வயசுலருந்தே அவளுக்குத் தண்ணின்னா பயம்."

என் தலைமுடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் பழையபடி பேச்சு வந்துவிட்டது. அடுத்த வருஷம் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது: ஒரு தடவை ஏறினாள், காய்ச்சலில் படுத்துவிட்டாள், பாவம், இனிமேல் வேண்டாம். பரிசலில் ஏறினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தது என் தப்பு. இவர் வாயிலிருந்து அதை இறக்கினால்தான் தீரும்.

தட்டைக் கீழே வைத்தேன். "ஏங்க, மொத வருசம் நான் எதுக்குப் பரிசல்ல ஏறல?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? சாப்புடு."

"சொல்லுங்க."

"மாசமா இருந்த."

"ஏறவேணாம்னு யாரு சொன்னா?"

"எங்கம்மா."

"ரெண்டாவது வருசம்?"

"பையன் கைக்கொழந்த."

"அதுக்கு அடுத்த வருசம்?"

இவர் சோற்றைப் பிசைந்தார். அமுதவல்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தாள். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. எரிச்சலில் உண்மை வந்துவிட்டது. "எல்லாரும் போயிட்டா மூட்டைய யாரு பாக்கறது?" என்றார்.

"அப்ப பயம்னு சொன்னது?"

"அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்."

"எங்கிட்ட சொல்லாதீங்க, எனக்குத் தெரியும். யாருகிட்ட பயம்னு சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மூட்டை பார்த்த கண், இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கும். கடைசியில் கலைவாணன் பக்கம் திரும்பி, "அவளுக்கு பயமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. மூட்டையப் பாத்துக்க ஆளு வேணும்னு நான் அப்படிச் சொல்லிக்கினு இருந்தேன்" என்றார்.

"நம்ம பையன்கிட்ட?"

"போன்ல சொல்றேன்."

"சரி, சாப்புடுங்க" என்று அவர் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் பசிதான் முதலில் வந்தது.

சசிகலா தன் புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, என்னப் பத்தி ஷோரூம்ல என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

கலைவாணன் வாயில் இருந்ததை விழுங்காமல் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் குனிந்து மீனில் முள் தேடினார். சசிகலா தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.